கதவு எண் இல்லாத கணினிகள்

பெருங்களத்தூரிலுள்ள என் வீட்டிலிருந்து சிட்லபாக்கத்தில் வசிக்கும் என் தமக்கையாரின் வீட்டிற்குத் தாம்பரம் வழியாகப் பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். ஆனால் என் கணினியிலிருந்து அவருடைய கணினிக்குப் போய்ச் சேர, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் முழுவதும் நாங்கள் இருவரும் பிரயாசைப்பட்டும் இயலவில்லை. அவர் வீட்டுப் பிரிண்டர் அசையாமல் நின்றுவிட்டது; அதை இங்கிருந்தே சரிசெய்துவிடலாம் என்பது என் எண்ணம்.

ஒரு கணினியின் திரையை மற்றொன்றில் கண்டு, அங்கிருந்தபடியே அதை இயக்கும் வித்தை புதிதன்று. வி.என்.சி. என்னும் செயலி, 1990-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உருவாயிற்று. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, 'ரிமோட் அசிஸ்டன்ஸ்' என்ற பெயரில் இவ்வசதியைச் சாதாரண இல்லங்களுக்கும் கொண்டுவந்தது. உதவுபவரின் விசையழுத்தங்களும் மவுஸின் அசைவுகளும் ஒரு திசையில் செல்ல, எதிர்த்திசையில் திரையில் மாறிய பகுதிகள் மட்டுமே படமாக வந்து சேருகின்றன என்பதே இதன் தத்துவம்.

அப்படியிருக்க, தடை எங்கே நேர்ந்தது? இவ்வசதியின் மூலம் அக்கா எனக்கு அனுப்பிய அழைப்பில் அவர் கணினியின் முகவரி 192.168 என்று தொடங்கியது. அது வீட்டிற்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. தெருப்பெயரும் கதவு எண்ணும் இன்றி, 'இரண்டாம் மாடி, மூன்றாம் வீடு' என்று மட்டும் எழுதித் தபாலில் சேர்த்த கடிதத்தைப் போன்றது. வெளியுலகம் அறிந்த முகவரி, வீட்டார் மோடம் என்று சொல்லும் ரௌட்டருக்கே உரியது. அந்த ரௌட்டரோ கண்டிப்பான காவற்காரர். உள்ளிருந்து வெளியே சென்றவருக்கு வரும் பதிலை மறவாமல் உரியவரிடம் சேர்ப்பாரேயன்றி, முன்பின் அறியாமல் வந்து தட்டுவோரை உள்ளே விடமாட்டார்.

ரௌட்டரில் இதற்குரிய 3389 என்னும் வாயிலை (போர்ட்) திறந்துவிட்டால் போதும் என்று சிலர் யோசனை கூறுவர். அது ஆபத்தான யோசனை. திறந்த வாயிலைத் தேடித் திரியும் திருடர்கள் இணையத்தில் ஏராளம். மேலும், பழைய முறையிலான இணைய முகவரிகள் உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 430 கோடியே ஆதலால், சேவை நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுத் தருகின்றன, இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012-இல் ஒதுக்கப்பட்டன. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் அத்தகைய எண் தென்பட்டால், அங்கே வாயிலைத் திறப்பதும் வீண். தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண்! அக்காவின் ரௌட்டரில் நான் கண்டது அதுவே.

இதற்குப் பரிகாரம், இரு கணினிகளும் தத்தம் வீட்டிலிருந்து தாமே வெளியே சென்று ஒரு பொது இடத்தில் சந்திப்பதாகும். ஜெர்மனியில் 2005-இல் தோன்றிய டீம்வியூவர் என்னும் செயலியும் இவ்வழியிலேயே இயங்குவது. இத்தகைய சாதனமொன்று நம் ஜி.எஸ்.டி. சாலையோரத்திலேயே வளர்ந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது: 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் பெரிய வளாகம் அமைத்துள்ள ஜோஹோ நிறுவனத்தின் 'ஜோஹோ அசிஸ்ட்' அது.

மறுவாரம் இம்முறையில் இணைப்புக் கிடைத்தது. பிரிண்டருக்குரிய மென்பொருளை நிறுவ முயன்றதும் என் திரை முற்றும் கறுத்துவிட்டது.

"தம்பி, இங்கே ஏதோ அனுமதி கேட்கிறதே!" என்றார் அக்கா தொலைபேசியில்.

"அதை நீங்களேதான் அழுத்தவேண்டும், அக்கா" என்றேன்.

கணினியின் அடிப்படையை மாற்றும் காரியங்களுக்கு விண்டோஸ் கேட்கும் அந்த அனுமதி, பெரும்பாலும் வெளியாரின் கைக்கு எட்டாத தனித்திரையில் தோன்றுகிறது. ஆகவே திரை கறுப்பது பழுதன்று, பாதுகாப்பு. அவர் 'ஆம்' என்பதை அழுத்திய மாத்திரத்தில் காட்சி திரும்பியது.

இணைப்பே கிடைக்காதவர்கள், கணினியைக் குறை கூறுமுன் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக ஒருமுறை முயன்று பார்க்கட்டும்; அதில் கிடைத்தால் குற்றம் வீட்டு இணைப்பில், கிடைக்காவிடில் கணினியில் என்று பெரும்பாலும் துணியலாம்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, சேலையூரிலும் செம்பாக்கத்திலும் தனித்து வாழும் முதியோருக்கு ஒரு விண்ணப்பம்: நீங்கள் அழைக்காமல் தாமே தொலைபேசியில் வந்து, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லித் திரையில் தோன்றும் இணைப்பு எண்ணைக் கேட்பவர் எவராயினும் அதைச் சொல்லாதீர்கள், சொல்லிப் பணம் போயிருந்தால், ரௌட்டரை அக்கணமே அணைத்துவிட்டு, இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணாகிய 1930-ஐ அழையுங்கள்.