தேய்க்காமலே ஏறும் மின்சாரம்

சிவகிரிக்குக் கிழக்கே வெம்பக்கோட்டை, சிவகாசி பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தியில் காரணம் பெரும்பாலும் ஒரே வரிதான்: மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டது. படிப்பவருக்கு, யாரோ ஒரு தொழிலாளி அழுத்தித் தேய்த்துவிட்டார் என்றே தோன்றும். சில சமயம் அப்படியும் நடந்திருக்கலாம். மீந்த மருந்தில் ஈரம் சேர்ந்து, சூடேறி வெடிப்பதும் உண்டு. ஆனால் யாரும் தேய்க்காமலே மருந்துக்குள் மின்சாரம் ஏறும். சல்லடையில் சலித்தாலே போதும். இரண்டு துகள்கள் மோதி விலகும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொஞ்சம் மின்னூட்டம் மாறிவிடுகிறது. தேய்ப்பது தொடும் இடத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். மருந்தில் சேரும் கந்தகமும் வெடியுப்பும் மின்சாரத்தை எளிதில் கடத்தாதவை என்பதால், ஏறியது சட்டென்று இறங்காது. 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஓட்டோ ஃபொன் கெரிக்கே சுழற்றிக் காட்டியதும் ஒரு கந்தக உருண்டையைத்தான். அலுமினியப் பொடி உலோகம்தானே என்றால், அதன் ஒவ்வொரு துகளையும் மின்கடத்தாத ஆக்சைடு படலம் மூடியிருக்கிறது.

வெவ்வேறு பொருள்கள் மோதினால் சரி, ஒரே பொருளின் துகள்களுக்குள் எது கொடுக்கும், எது வாங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐப்பசியில் சிவகிரிக்கு மேற்கே மலைமேல் மின்னுகிற மேகத்தில் இருப்பதைப் பாருங்கள்: சிறு பனிப்படிகங்கள், அவற்றைவிடக் கனமான மென் ஆலங்கட்டிகள். இரண்டும் பனிக்கட்டிதான். மோதியபின் பெரும்பாலும் படிகம் நேர்மின்னூட்டத்தோடு மேலே போகிறது, ஆலங்கட்டி எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்குகிறது. அந்தப் பிரிவினைதான் மின்னலாகிறது. அளவு, வெப்பநிலை, பரப்பு எல்லாமே பங்கு வகிக்கின்றன. ஏற்கெனவே எத்தனை முறை மோதியது என்பதுகூட. ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட சோதனையில், ஒரே மாதிரியான சிலிகோன் துண்டுகள் முதலில் தாறுமாறாக மின்னூட்டம் ஏற்றன. சுமார் 200 தொடுகைகளுக்குப் பிறகு, அதிகம் தொட்டது எதிர்மின்னூட்டம் பெறும் என்ற ஒழுங்கு வந்துவிட்டது. இடம் மாறுவது எலெக்ட்ரானா, அயனியா, பொருளின் நுண்துணுக்கா என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்த மின்னூட்டமெல்லாம் நிற்காது என்பார்கள். தூத்துக்குடிக் கடற்கரைக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் சிவகாசிக்குப் பட்டாசுத் தொழில் வந்ததற்கு ஒரு காரணமே மழை குறைந்த வறண்ட காற்று. மருந்தைச் சீக்கிரம் உலர்த்தும் அதே காற்று மின்னூட்டத்தையும் வடியவிடாமல் வைத்திருக்கிறது. நைலான் உடுத்தி நடப்பவர் உடலில் சில ஆயிரம் வோல்ட் சேர்வது சாதாரணம். அது பொறியாகப் பறந்தால் மருந்து பற்றிக்கொள்ளலாம். ஆனால் சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே விரலுக்குச் சுரீர் என்றுகூட இருக்காது. ஆகவே தொழிலாளி தெரியாமல் செய்தார் என்பது இங்கே சாக்கு அல்ல, நிஜம். அறை வாசலில் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வதும் பருத்தி உடுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். ஆனால் தகடு ஆளின் மின்னூட்டத்தைத்தான் மண்ணுக்கு அனுப்பும், சல்லடையில் இருக்கும் பொடியினுடையதை அல்ல. சலிக்காமல் மருந்தைச் சீராகக் கலப்பதும் கடினம். மிஞ்சும் பெரிய காப்பு: ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு. அதை மீறுவதா வேண்டாமா என்பது சலிப்பவர் எடுக்கும் முடிவல்ல.