கிணறு பொது, வாளி யாருடையது?



இன்று கைப்பேசி இல்லாத வீட்டைத் தோட்டத்திலும் காண்பது அரிது. பிள்ளைகளின் பாடம், வங்கிக் கணக்கு, வெளியூர் சென்ற மகனின் குரல் எல்லாம் அதன் வழியாகவே வருகின்றன. அதை ஆட்டுவிப்பவர் யார் என்று நாம் அறிந்திருக்க வேண்டாமா?

கைப்பேசியின் உறுப்புகளை வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். உலகில் பெரும்பாலான கைப்பேசிகளில் இருப்பது ஆண்ட்ராய்டு. அதன் அடித்தளம் லினக்ஸ். பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை வெளியிட்டார். அதில் எழுதப்பட்ட கட்டளைகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ஊர்ப் பொதுக்கிணறு போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுக்கிணற்றையும் தூர் வார ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். இன்று லினக்ஸுக்கு உழைப்போரில் பெரும்பாலோர் இன்டெல், கூகல், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். இதனால் வேலை தடையின்றி நடக்கிறது. ஆனால், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்பதில் சம்பளம் கொடுப்பவரின் சொல்லே ஓங்கி நிற்கிறது.

ஆண்ட்ராய்டை உருவாக்கிய சிறு நிறுவனத்தைக் கூகல் 2005இல் வாங்கியது; 2008இல் ஆண்ட்ராய்டின் கட்டளைத் தொகுப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஆனால் செயலிகளை இறக்கும் பிளே ஸ்டோர் கூகலின் சொந்தச் சொத்து. அதாவது கிணறு பொது. கயிறும் வாளியும் ஒருவர் கையில்.

இதனால் என்ன நேர்ந்தது? பிளே ஸ்டோர் வேண்டுமானால் தன் தேடுபொறியையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்று கூகல் உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தியதாக ஐரோப்பிய ஆணையம் கண்டது. 2018இல் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் தொகையைச் சற்றே குறைத்தாலும் தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதிசெய்தது.

2019இல் அமெரிக்க அரசின் வணிகத் தடையால், சீனாவின் ஹுவாவே தன் புதிய கைப்பேசிகளில் பிளே ஸ்டோரை வைக்க முடியாமற் போயிற்று. திறந்த ஆண்ட்ராய்டை எடுத்துக்கொள்ள அதற்குத் தடையில்லை. ஆயினும் பழகிய செயலிகள் பல கிடைக்காத கைப்பேசியைச் சீனாவுக்கு வெளியே விற்பது கடினமாயிற்று.

2025இல் ஆண்ட்ராய்டை உருவாக்கும் பணி முழுவதையும் தன் நிறுவனத்துக்குள்ளேயே நடத்தப்போவதாகக் கூகல் அறிவித்தது. முடிந்த வேலை வெளியிடப்படும். நடக்கும் வேலையை வெளியார் பார்க்க இயலாது.

அப்படியானால் பொது உரிமை வீணா? இல்லை. உற்பத்தியாளர் கைவிட்ட பழைய கைப்பேசிகள் பலவற்றுக்கு, லினியேஜ் என்ற தன்னார்வக் குழுவினர் அதே திறந்த கட்டளைகளைக் கொண்டு மறுவாழ்வு தருகிறார்கள். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதைப் பயன்படுத்தக் கற்றவர்களும் வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை கைப்பேசி வாங்கும்போது விலையோடு நிறுத்தாமல், பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுக்கு வரும் என்றும் கேளுங்கள். கணினி கற்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். நாளை நமக்கென ஒரு வாளி செய்யத் தெரிந்தவர் அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.