டியூ கட்டும் காலம் – 7: ஆர்.சி.யில் இன்னொரு பெயர்

போன வாரம் பிராசஸிங் கட்டணத்தையும், கடனை முன்கூட்டியே அடைத்தால் பிடிக்கும் தொகையையும் பார்த்தோம். அவை ஆயிரங்களில் முடிந்துவிடும். இந்த வாரக் கணக்கு லட்சங்களில். டியூ ஓடிக்கொண்டிருக்கும் காரை இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

யாரைக் கேட்டாலும் "போலீஸ் பிடிச்சா ஃபைன்" என்பார்கள். உண்மைதான். முதல் முறை 2,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 4,000. மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. ஆனால் இன்று நாம் பார்க்கப்போகும் தொகைகளிலேயே ஆகச் சின்னது இந்த அபராதம்தான்.

கடனில் வாங்கிய காரின் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர். கூடவே வங்கியின் பெயரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரோ இருக்கும். அதே சட்டத்தின் 51-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகம் ஏற்றும் அடமானப் பதிவு அது. 'ஹெச்.பி.' என்று புரோக்கர்கள் சொல்வது இதைத்தான். கடைசி டியூவைக் கட்டி, என்.ஓ.சி. வாங்கி, 35-ஆம் எண் படிவம் கொடுத்து ஹெச்.பி.யை கேன்சல் செய்யும்வரை அந்தப் பெயர் போகாது.

காரால் பணம் வரும்போது அந்தப் பெயருக்கு முதல் உரிமை. காரால் கடன் வரும்போது அந்தப் பெயர் காணாமல் போய்விடும். இது என் கசப்பு மட்டுமல்ல, சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. 2(30) பிரிவைப் பாருங்கள். அடமானத்தில் உள்ள வண்டிக்கு, அதைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்து செய்தால் கடன் கொடுத்த வங்கி நஷ்டஈடு தர வேண்டுமா என்ற கேள்வி ஹெச்.டி.எஃப்.சி. வங்கி – ரேஷ்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. வேண்டாம் என்று 2014 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. வண்டி யார் கையில் இருந்ததோ அவர்தான் பொறுப்பு.

இதற்குள் போகும் முன், பாலிசி எப்படிக் காலாவதி ஆகிறது என்று பார்த்துவிடலாம். வேண்டுமென்றே கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. ஆனால் கார் கடன்காரர்களில் பலர் தெரியாமலே மாட்டுகிறார்கள். காரணம், புதுக் காரோடு ஷோரூமில் கட்டித் தரும் பாலிசி.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துச் சாவுகளைக் குறைக்க வேண்டும் என்று கேட்டு 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் ஓர் உத்தரவு வந்தது. செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடத்துக்கும், புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடத்துக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியைச் சேர்த்தே விற்க வேண்டும். அடிபடுகிறவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. எனக்கு அந்த உத்தரவில் குறை இல்லை, ஷோரூமில் அதை விற்கும் விதத்தில்தான் குறை.

பாலிசித் தாளில் இரண்டு தேதிகள் இருக்கும். தேர்ட் பார்ட்டிக்கு மூன்று வருடம். உங்கள் காருக்கு ஏற்படும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் இவற்றுக்கான 'ஓ.டி.' பகுதிக்குப் பெரும்பாலும் ஒரே வருடம். "மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்த சேல்ஸ் பையன் அடுத்த வருடம் வேறு கம்பெனியில் இருப்பான். முதல் வருடம் முடிந்த மறுநாள் முதல் கார் பாதி உடுப்போடு ஓடுகிறது. போலீஸ் நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டியை மட்டும். கடன் ஒப்பந்தம் கேட்பதோ ஃபுல் இன்சூரன்ஸை. சட்டத்துக்கு நீங்கள் யோக்கியர், வங்கிக்கு ஒப்பந்தத்தை மீறியவர்.

சென்னைவாசிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பேஸ்மென்ட்டில் மூழ்கிய கார்களை எல்லோரும் பார்த்தோம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றதற்குக் காரணம் அந்த அனுபவம்தான். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள காருக்கு வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாய் வராது. (ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அதற்கென்று தனி ஆட்-ஆன் எடுக்காதவரை கம்பெனி கையை விரிக்கும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவதே மேல்.)

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஷோரூம் விலை 8.5 லட்சம். அது முழுவதையும் 9.5 சதவீத வட்டியில் ஏழு வருடக் கடனாக வாங்குகிறீர்கள். மாத டியூ சுமார் 13,900 ரூபாய். இரண்டு வருடம் ஒரு டியூகூடத் தவறாமல் 3.3 லட்சத்துக்கு மேல் கட்டிய பிறகும் அசலில் சுமார் 6.6 லட்சம் நிற்கும். அப்போது கார் முழுச் சேதமாகிறது அல்லது திருடு போகிறது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால், வழக்கமான தேய்மானக் கணக்கில் மூன்றாம் வருடக் காருக்கு 30 சதவீதம் கழியும். ஐ.டி.வி., அதாவது பாலிசியில் காருக்குக் குறித்த மதிப்பு, 5.95 லட்சம். அந்தக் காசு நேராக வங்கிக்குப் போகும், ஹெச்.பி. பதிவு உள்ள பாலிசியில் முதல் பாத்தியதை அவர்களுக்கே. மிச்சம் 65,000 ரூபாயை நீங்கள் கட்ட வேண்டும். ஆக, இன்சூரன்ஸ் இருந்தாலே இவ்வளவு இடிக்கும். இல்லையென்றால் 6.6 லட்சமும் உங்கள் தலையில். கார் இல்லை, டியூ மட்டும் இன்னும் 60 மாதம். வண்டி போய்விட்டது என்பதற்காகக் கடன் நிற்காது, அது கையெழுத்தோடு ஒட்டியது.

இதுகூட எல்லை தெரிந்த நஷ்டம். தேர்ட் பார்ட்டியும் காலாவதியாகி, விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் எல்லை கண்ணுக்குத் தெரியாது.

மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த 30 வயது எலக்ட்ரீஷியன் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய். குடும்பம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டு எம்.சி.ஓ.பி. மனு போடுகிறது. 2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிய முறைப்படி, சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவரின் வருமானத்தோடு எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 28,000. நான்கு பேர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 21,000. வருடத்துக்கு 2.52 லட்சம். அந்த வயதுக்குரிய பெருக்கெண் 17. பெருக்கினால் 42.84 லட்சம். துணையை இழந்ததற்கு, ஈமச் செலவுக்கு என்று தனித்தனியே சேரும். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. 7.5 சதவீதம் என்று வைத்து, வழக்கு நாலு வருடம் இழுத்தால் தொகை 55 லட்சத்தைத் தாண்டும்.

பாலிசி இருந்தால் இதைக் கம்பெனி கட்டும், உயிரிழப்புக்கு உச்சவரம்பு கிடையாது. லைசென்ஸ் காலாவதியானது போன்ற குறை இருந்தால்கூட, முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது சாதாரணம். பாலிசியே இல்லாதபோது அந்த வழியும் இல்லை. கட்டாவிட்டால் 174-வது பிரிவின்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம், நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லி. வீடும் நிலமும் ஜப்திக்கு வரும். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு இத்தனையையும் தாங்கும் தேர்ட் பார்ட்டி பிரீமியம், 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, வருடத்துக்கு 3,416 ரூபாய். வரி தனி.

கார் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஸ்டேஷனில் நிற்கும். 2018 செப்டம்பரில் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது இது: தேர்ட் பார்ட்டி இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், நஷ்டஈட்டுக்குப் போதிய ஜாமீன் காட்டாமல் விடுவிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் காட்டாவிட்டால் வண்டியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். அதாவது வங்கியின் அடமானப் பொருளே விற்றுப்போய் இறந்தவரின் குடும்பத்துக்குப் போகலாம். நியாயம்தான். ஆனால் வங்கிக்கு அதனால் பாக்கி குறையவில்லை, உங்களிடம்தான் வரும்.

விபத்தே நடக்காவிட்டாலும், பாலிசி இல்லை என்பது ஒன்றே பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில் மீறல். டியூ ஒழுங்காகக் கட்டினாலும் முழுக் கடனையும் உடனே கேட்க அதில் இடம் வைத்திருப்பார்கள். நடைமுறையில் அதற்காக யாரும் வண்டியைத் தூக்க வருவதில்லை. சில இடங்களில் அவர்களே பாலிசி போட்டு, பிரீமியத்தைக் கடன் கணக்கில் ஏற்றுவார்கள். ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். 'போடலாம்' என்றுதான் பொதுவாக இருக்கும், 'போட வேண்டும்' என்று இருக்காது. டாப்-அப் லோன் வேண்டுமா என்று மாதத்துக்கு நாலு முறை கூப்பிடுகிறவர்கள், பாலிசி முடிகிறது என்று ஒரு முறை கூப்பிடக் கடமைப்பட்டவர்கள் அல்ல.

காலாவதியாகிவிட்டதா? "90 நாள் டைம் இருக்குல்ல?" என்று கேட்கிறவர்கள் ஏராளம். அந்த 90 நாள் நோ க்ளைம் போனஸைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும். 50 சதவீதம் வரை சேர்த்த தள்ளுபடி அதற்குள் புதுப்பித்தால் தப்பும். அந்த இடைவெளியில் நடக்கும் எதற்கும் கம்பெனி பொறுப்பில்லை. ஓ.டி. மட்டும் முடிந்திருந்தால் அதை மட்டும் தனிப் பாலிசியாக எடுக்கலாம், 2019 செப்டம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. வண்டியைப் பார்வையிட்டு, படம் எடுத்து, பிறகுதான் கொடுப்பார்கள். எடுக்கும்போது ஹெச்.பி. கட்டத்தில் வங்கியின் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் க்ளைம் நேரத்தில் அலைய விடுவார்கள். பிரீமியம் போய்ச் சேராமல் கம்பெனி ரிஸ்க்கை ஏற்க முடியாது என்பது இன்சூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவு. செக் திரும்பினால் பாலிசியும் நிற்காது. தாளில் தொடங்கும் நேரம் குறித்திருந்தால் அந்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு. மாலை நாலு மணிக்குத் தொடங்கும் பாலிசி, அதே நாள் காலையில் இடித்ததற்குப் பயன்படாது.

அடுத்த வாரம்: மூன்று டியூ நின்றால் வண்டியைத் தூக்க வருகிறவர்களுக்கு எது வரை அதிகாரம்?

(தொடரும்)