இருமல் மருந்தில் கலந்த நஞ்சு: ஆய்வகம் அதைக் கண்டறிவது எப்படி?

மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். சாதாரண சளி, காய்ச்சலுக்காக மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். பெரும்பாலானோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். மருந்து கொடுத்த சில நாட்களில் அவர்களுக்குச் சிறுநீர் பிரிவது நின்றுபோனது. உயிரிழந்தோர் எண்ணிக்கை பின்னர் 20-ஐத் தாண்டியது.

குடிநீர், கொசு, தொற்றுநோய் எனப் பல கோணங்களில் காரணம் தேடப்பட்டது. விடை ஓர் ஆய்வகத்தில் கிடைத்தது. அந்தக் குழந்தைகளுக்குத் தரப்பட்ட 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டது. அந்த ஆலையில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் தொடக்கத்தில் மாதிரி எடுத்துச் சோதித்தது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. ஏற்கத்தக்க உச்ச வரம்பு 0.1 சதவீதம் மட்டுமே.

அதாவது, 5 மில்லி லிட்டர் அளவுள்ள ஒரு சிறு கரண்டி மருந்தில் 5 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாத பொருள், ஏறத்தாழ இரண்டரை கிராம் இருந்தது.

இந்தச் சோதனை புதியதோ, கண்டுபிடிக்க அரியதோ அன்று. உலக நாடுகளின் மருந்து ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. எனவே, நஞ்சைக் கண்டறிய முடியுமா என்பது கேள்வி அன்று; எந்தக் கட்டத்தில் கண்டறிகிறோம் என்பதே கேள்வி.

கண்ணுக்கு ஒன்று, உடலுக்கு வேறு

பாராசிட்டமால் போன்ற மருந்துகள் நீரில் எளிதில் கரைவதில்லை. குழந்தைகளுக்கான திரவ மருந்தாக அவற்றை மாற்றுவதற்குக் கரைப்பான் தேவை. இதற்காகப் புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின் போன்ற பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. உரிய தரத்தில், உரிய அளவில் பயன்படுத்தினால் இவை பாதுகாப்பானவை.

டைஎத்திலீன் கிளைகால் மருந்துக்கு உரியது அன்று. பிசின் தயாரிப்பு போன்ற தொழிற்சாலைப் பயன்பாடுகளுக்கு உரியது. ஆனால் அதுவும் கிளிசரினைப் போலவே நிறமற்றது, மணமற்றது, பிசுபிசுப்பானது, இனிப்பானது. இரண்டையும் இரு குவளைகளில் ஊற்றி வைத்தால் அனுபவம் உள்ள பணியாளரால்கூடப் பார்வையாலோ முகர்ந்தோ வேறுபடுத்திக் காண இயலாது.

எந்தத் தனிமங்களால் ஆனது என்று பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால், டைஎத்திலீன் கிளைகால் ஆகிய மூன்றும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களால் மட்டுமே ஆனவை. அணுக்களின் எண்ணிக்கையும் அவை இணைந்திருக்கும் விதமுமே வேறு.

அந்த வேறுபாட்டை உடல் உணர்ந்துகொள்கிறது. கல்லீரல் டைஎத்திலீன் கிளைகாலைச் சிதைக்கும்போது டைகிளைகாலிக் அமிலம் உருவாகிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழல் செல்களில் தேங்கி அவற்றை அழிக்கிறது. முதலில் வாந்தியும் வயிற்று வலியும் தோன்றும். பின்னர் சிறுநீர் குறைந்து, நின்றுவிடும். அடுத்து நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். எடை குறைந்த குழந்தைகளுக்குச் சிறிதளவே பேராபத்தாகிறது.

பிரித்துப் பார்ப்பதே முதல் படி

சிரப் என்பது ஒரு கலவை. மருந்து, சர்க்கரை, நிறமி, வாசனைப் பொருள், கரைப்பான் எனப் பலவும் அதில் கரைந்துள்ளன. ஆகவே, கலவையிலுள்ள பொருட்களை முதலில் தனித்தனியே பிரித்துவிட்டு, பிறகே ஒவ்வொன்றும் என்ன என்று ஆய்வாளர் கண்டறிய வேண்டும்.

இதற்கான எளிய முறை மென்படல நிறப்பிரிகை. சிலிக்கா பூசிய சிறு தகட்டின் அடியில் மாதிரியின் ஒரு துளி வைக்கப்படும். பக்கத்திலேயே தூய டைஎத்திலீன் கிளைகாலின் ஒரு துளியும் வைக்கப்படும். தகட்டின் அடிப்பகுதியைக் கரைப்பானில் நிறுத்தினால், அது விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறும். ஒவ்வொரு பொருளும் அதனுடன் வெவ்வேறு உயரத்துக்குச் சென்று நிற்கும். பின்னர் வேதிப்பொருள் தெளித்தால் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும். தூய நஞ்சின் புள்ளி நின்ற உயரத்திலேயே மாதிரியிலும் ஒரு புள்ளி இருந்தால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று பொருள். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

சந்தேகத்தை உறுதி செய்யவும் அளவைக் கணக்கிடவும் வாயு நிறப்பிரிகை எனப்படும் கேஸ் குரோமட்டோகிராபி பயன்படுகிறது. மாதிரியின் மிகச் சிறிய அளவு ஊசி வழியாகக் கருவிக்குள் செலுத்தப்பட்டு ஆவியாக்கப்படும். ஹீலியம் போன்ற வாயு அந்த ஆவியை, பல மீட்டர் நீளமுள்ள மெல்லிய சுருள் குழாய் வழியே தள்ளிச் செல்லும். குழாயின் உட்சுவரில் ஒரு படலம் பூசப்பட்டிருக்கும். அந்தப் படலத்துடன் அதிகம் ஒட்டும் பொருள் தாமதமாகவும், குறைவாக ஒட்டும் பொருள் முன்னதாகவும் வெளியேறும். கொதிநிலையும் இதில் பங்கு வகிக்கிறது. புரொப்பிலீன் கிளைகாலின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ். டைஎத்திலீன் கிளைகாலுக்கு 245 டிகிரி. கிளிசரினுக்கு 290 டிகிரி. கலவையாக உள்ளே நுழைந்தவை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருகின்றன.

குழாயின் முடிவில் உள்ள உணர்கருவி ஒவ்வொரு பொருளும் வரும்போது திரையில் ஒரு முகட்டை வரைகிறது. முகடு தோன்றும் நேரம் அந்தப் பொருள் எது என்பதைக் காட்டும். முகட்டின் பரப்பளவு அது எவ்வளவு என்பதைச் சொல்லும். அளவு தெரிந்த தூய பொருளையும் அதே கருவியில் செலுத்தி ஒப்பிட்ட பிறகே முடிவு எழுதப்படுகிறது.

இரு பொருட்கள் ஒரே நேரத்தில் வெளிவரும் வாய்ப்பு உண்டு என்பதால், தேவைப்படும்போது நிறை நிரலளவி என்ற கருவியும் இணைக்கப்படும். அது மூலக்கூறுகளை உடைத்து, சிதறல்களின் நிறையைப் பதிவு செய்கிறது. இந்தச் சிதறல் வரிசை கைரேகை போன்றது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்துவமானது.

உலக சுகாதார அமைப்பும் இதே படிமுறையை 2023-இல் ஏற்றுக்கொண்டது: முதலில் மென்படல நிறப்பிரிகையில் வடிகட்டல், அதில் சந்தேகம் எழுந்தால் வாயு நிறப்பிரிகையில் உறுதிப்படுத்தல்.

சோதனை நடந்தும் தப்புவது ஏன்?

ஆய்வகச் சோதனை, கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். ஒரு சிரப்பில் பாராசிட்டமால் சரியான அளவில் உள்ளதா என்று மட்டும் சோதித்தால், 'சரியாக உள்ளது' என்றே அறிக்கை வரும். அந்தப் பாராசிட்டமாலைச் சுமந்து நிற்கும் திரவம் நஞ்சா என்ற கேள்வியை அந்தச் சோதனை எழுப்புவதே இல்லை.

மூலப்பொருளிலும் இதே சிக்கல் உள்ளது. கிளிசரினை அடையாளம் காண அகச்சிவப்புக் கதிர் நிரலியல் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ஆனால் கிளிசரின், கிளைகால் வகைப் பொருட்களின் நிரல்கள் பெரிதும் ஒத்திருப்பதால், சிறு அளவில் கலந்த நஞ்சு அதில் மறைந்துவிடக் கூடும். எனவேதான் அமெரிக்க மருந்து நூல் 2009-இல் கிளிசரினின் அடையாளச் சோதனையிலேயே டைஎத்திலீன் கிளைகாலுக்கான வாயு நிறப்பிரிகைச் சோதனையைச் சேர்த்தது.

மாதிரி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். சிந்த்வாரா நிகழ்விலேயே அதற்குச் சான்று உண்டு. மத்தியக் குழு சேகரித்து, அதுவரை சோதித்து முடித்த மாதிரிகளில் நஞ்சு இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் அக்டோபர் 3-ஆம் தேதி தெரிவித்தது. அதற்கு அடுத்த நாள், தமிழ்நாட்டு ஆலையில் எடுக்கப்பட்ட மாதிரியில் வரம்பை மீறிய நஞ்சு இருப்பதாக அதே அமைச்சகம் அறிவித்தது. இரண்டு அறிவிப்புகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஓர் அறிக்கை, தான் சோதித்த புட்டியையும் தொகுதியையும் பற்றி மட்டுமே பேசுகிறது. சந்தையிலுள்ள எல்லாப் புட்டிகளுக்கும் அது உத்தரவாதம் ஆகாது.

பழைய நஞ்சு, தொடரும் மரணங்கள்

அமெரிக்காவில் 1937-இல் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை இதே டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து விற்றதில் 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மருந்து விற்பனைக்கு வருமுன் அதன் பாதுகாப்பு நிரூபிக்கப்பட வேண்டும் என்ற சட்டம் அங்கு 1938-இல் பிறந்தது.

மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1986-இல் கலப்படக் கிளிசரின் தரப்பட்ட 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லெண்டின் ஆணையம் அதை விசாரித்தது. ஹரியாணாவின் குருகிராமில் 1998-இல் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஜம்முவின் உதம்பூர் மாவட்டம் ராம்நகரில் 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும் இதே நஞ்சுக்குப் பலியாயினர். காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்ததையடுத்து, இந்தியாவில் தயாரான நான்கு சிரப்புகள் குறித்து உலக சுகாதார அமைப்பு 2022 அக்டோபரில் எச்சரித்தது.

ஹைட்டி நாட்டில் 1995-96-இல் 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த நிகழ்வு இதன் மையச் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. மருந்துத் தயாரிப்புக்காக இறக்குமதியான கிளிசரின் பல வணிகர்களின் கைமாறி வந்தது. தூய்மையானது என்று சான்றிதழ் கூறியது. பின்னர் சோதித்தபோது அதில் ஏறத்தாழ 24 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. பீப்பாய் கைமாறும்போது காகிதமும் உடன் கைமாறியது. உள்ளே இருப்பது என்ன என்பதை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

பீப்பாயில் தடுப்பதா, புட்டியில் தேடுவதா?

காம்பியா நிகழ்வுக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அரசு அங்கீகரித்த ஆய்வகங்களில் சோதித்துச் சான்று பெறுவதை இந்தியா கட்டாயமாக்கியது. உள்நாட்டில் விற்கப்படும் மருந்துகளுக்கு அந்த ஏற்றுமதி நிபந்தனை பொருந்தவில்லை. சிந்த்வாராவில் விற்கப்பட்டது உள்நாட்டுச் சந்தைக்கான மருந்து.

மூலப்பொருளின் ஒவ்வொரு தொகுதியையும் பயன்படுத்துவதற்கு முன் தயாரிப்பாளர் சோதிக்க வேண்டும் என்று இந்திய மருந்து விதிகள் ஏற்கெனவே கூறுகின்றன. எனினும், சில ஆலைகளில் ஒவ்வொரு தொகுதியும் அவ்வாறு சோதிக்கப்படாதது ஆய்வுகளில் தெரியவந்ததாக இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டது. விதியைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துமாறும் அது கேட்டுக்கொண்டது.

கணக்கு எளிமையானது. ஒரு பீப்பாய்க் கரைப்பானிலிருந்து ஆயிரக்கணக்கான புட்டிகள் தயாராகின்றன. பீப்பாயைத் திறந்ததும் சோதித்தால் ஒரே சோதனையில் அத்தனை புட்டிகளும் தடுக்கப்படும். புட்டிகள் கடைகளுக்குச் சென்ற பிறகு, அவற்றைப் பல மாநிலங்களில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்குள் சில புட்டிகள் காலியாகியிருக்கும்.

பெற்றோர் அறிய வேண்டியவை

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கவோ கொடுக்கவோ கூடாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவை பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றும் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல் பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும் என்றும், போதிய நீராகாரமும் ஓய்வுமே முதல் கவனிப்பு என்றும் அது சுட்டிக்காட்டியது.

திரவ மருந்து குடித்த குழந்தைக்குத் தொடர் வாந்தி, வயிற்று வலி, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மருந்துப் புட்டியைத் தூக்கி எறியாமல் உடன் எடுத்துச் செல்வது நல்லது. அதன் மீது அச்சிடப்பட்டுள்ள தொகுதி எண்ணும், அடியில் எஞ்சியிருக்கும் சில துளிகளும் போதும். அந்த மருந்தில் என்ன இருந்தது என்பதை ஆய்வகம் கண்டறிந்துவிடும்.