ஒத்துக்கிட்டா முடிஞ்சிருமா?

"ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிரும்மா. இல்லேன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்." பட்டாசு வழக்குகள் நடக்கும் சிவகாசி, சாத்தூர் பக்கத்து கோர்ட் வராண்டாக்களில் சகஜமாகக் கிடைக்கும் யோசனை இது. நிற்பவரின் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் இன்னும் மினுங்கும். வாய்தாவுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. தலையாட்டிவிடுகிறார்.

1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் வெடி தயாரித்தால் 3 ஆண்டு வரை சிறை, வைத்திருந்தால் 2 ஆண்டு வரை. அபராதத்தோடும் விடலாம். ஆனால் அபராதம் கட்டினாலும் குற்றவாளி என்ற தீர்ப்பு தீர்ப்புதான். சரவெடி பின்னச் சொல்லி வீட்டுக்கே மருந்து அனுப்பிய ஆள் யார் என்ற கேள்வியும் அத்தோடு சரி. எனக்கு இதுதான் பெரிய வயிற்றெரிச்சல்.

பிறகு யாராவது விவரம் சொல்ல, அப்பீல் போகலாமா என்று கேட்டு வருவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் 416ஆகியிருக்கிறது. எண் மாறியதே தவிர விதி மாறவில்லை. ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனை அதிகம் என்றோ சட்டப்படி செல்லாது என்றோதான் மேல்முறையீடு செய்யலாம். 'நான் செய்யவே இல்லை' என்று அங்கே தொடங்க முடியாது.

ஆனால் ஒப்புதலே சரியாக வாங்கப்பட்டதா என்று கேட்கலாம். 2 ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத சம்மன் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதை முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே மாஜிஸ்திரேட் பதிய வேண்டும். மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் மெட்ராஸ் அரசு என்ற மதுவிலக்கு வழக்கில், அப்படிப் பதியாததற்காகவே 1960களில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அது வெறும் சம்பிரதாயம் இல்லை என்றது. 'விட்டுருவாங்க' என்று ஆசை காட்டி வாங்கிய ஒப்புதலும் நிற்காது. குஜராத்திலிருந்து வந்த ஒரு கலப்பட வழக்கில் 1980இல் அதே நீதிமன்றம் சொன்னது அது. (2006இல் வந்த, தண்டனையைக் குறைக்கப் பேரம் பேசும் முறை வேறு, அதற்கு எழுத்துமூல மனு, தனி நடைமுறை எல்லாம் உண்டு.)

ஆகவே முதலில் தேட வேண்டியது சாட்சியை அல்ல, கோர்ட் பதிவேட்டின் சான்றிட்ட நகலை. 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று அச்சடித்த ஒற்றை வரி மட்டும் இருந்தால் வக்கீலுக்குப் பிடி கிடைத்துவிட்டது. அதை வைத்துச் சீராய்வு மனுவை ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ 90 நாளுக்குள் போடலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். நகல் வாங்க ஆகும் நாட்கள் அந்த 90இல் சேராது. நகல் கேட்டு மனுப் போடாமலே இருந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது.