0.51 சதவீத வாக்கில் ஒரு செனட்டர்

இன்னைக்கு ஆஸ்திரேலியாவின் மேலவையான செனட் பத்திப் பேசுறேன்.

2013 தேர்தலில் விக்டோரியாவிலிருந்து ரிக்கி மியூர் என்பவர் செனட்டுக்குப் போனார். அவர் கட்சி வாங்கிய முதல் விருப்ப வாக்கு வெறும் 0.51 சதவீதம். ஜெயிக்கத் தேவை 14.3. மிச்சம் எங்கிருந்து வந்தது?

வாக்குச்சீட்டில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே ஒரு கட்சிக்கு '1' போட்டால் போதும். அடுத்த விருப்பங்களெல்லாம் அந்தக் கட்சி முன்கூட்டிப் பதிவு செஞ்ச வரிசைப்படி போயிடும். கோட்டுக்குக் கீழேன்னா கிட்டத்தட்ட எல்லா வேட்பாளருக்கும் எண் போடணும். நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 110 பேர்! அதனால பெரும்பாலானவங்க மேலேயே போட்டாங்க. சின்னக் கட்சிகள் தங்களுக்குள் விருப்பங்களைப் பரிமாறிக்கிட்டு ஒருத்தரைக் கரைசேர்த்தன.

2016இல் சட்டத்தை மாத்தினாங்க. இப்போ மேலே குறைஞ்சது 6 கட்சிகளுக்கோ, கீழே 12 பேருக்கோ வாக்காளரே வரிசை போடணும். கட்சிப் பட்டியல் ஒழிஞ்சது.

சின்னக் கட்சிகளுக்குக் கதவை அடைக்கிறாங்கன்னு எதிர்ப்பும் வந்தது. அதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா செனட் வெறும் அலங்கார சபை இல்லைங்க. கீழவை அனுப்புற பட்ஜெட் மசோதாவைக்கூட நிராகரிக்க முடியும். அப்படிப்பட்ட சபையில யார் உட்காரணும்னு வாக்காளர்தான் முடிவு பண்ணணும், கட்சிகளின் பேரம் இல்லை என்பதே என் கருத்து.