தீயணைப்பு வண்டி வந்து சேருமுன்

நுவரெலியா மாவட்டத்தின் மேற்கோரத்தில், மலைநாட்டுச் சரிவுகள் களனிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் இடத்தில், பொல்பிட்டிய என்னும் சிற்றூர் இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் கெஹெல்கமு ஓயாவும், சிவனொளிபாத மலையின் பக்கத்து நீரையெல்லாம் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தேக்கிப் பின் இறங்கி வரும் மஸ்கெலி ஓயாவும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேதான் சங்கமமாகிக் களனி கங்கையாகின்றன. லக்சபானைக் குளத்து நீரைச் சுரங்கவழியே கொண்டுவந்து மின்சாரமாக்கும் பொல்பிட்டிய மின்நிலையம், 75 மெகாவாட் சக்தியோடு 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களும், அவற்றின் தொழிலாளர் குடியிருப்புகளாகிய லயங்களும், சிங்களக் கிராமங்களும், மின்நிலையத்து ஊழியர் குடியிருப்புகளும் கலந்து கிடக்கும் இந்தப் பிரதேசத்துக்கு வாழ்வளிப்பது தண்ணீர். ஆண்டுதோறும் அதன் மனத்தில் அச்சத்தை விளைவிப்பதும் அந்தத் தண்ணீரேதான்.

தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்திலிருந்து சுமந்துவரும் மேகங்கள் மத்திய மலைநாட்டின் மேற்குச் சுவரில் முட்டி, ஏற வழியின்றிக் கொட்டித் தீர்க்கும் இடம் இது. அண்டை ஊராகிய வட்டவளையில் ஓராண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவது சாதாரணம். கொழும்பு நகரம் பெறுவதைப்போல் இது இரண்டு மடங்குக்கும் அதிகம். வைகாசியில் பிடிக்கும் மழை புரட்டாசி வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. அதற்கு முன்னும் பின்னும், பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும், பிற்பகல் வேளைகளில் இடியும் மின்னலும் சேர்ந்த மழை. தை, மாசி மாதங்களிலோ மலைமுகடுகளில் மானாப் புல் காய்ந்து சருகாகி, எவரோ அலட்சியமாக வீசிய ஒரு தீக்குச்சியால் ஒரு மலை முழுவதும் கருகிப்போகிறது. ஆகவே இங்கே அபாயத்துக்கு ஓய்வு மாதம் என்று ஒன்றில்லை. மாதத்துக்கு மாதம் அதன் உருவந்தான் மாறுகிறது.

இத்தகைய ஊர்களைக் காக்க வேண்டிய தீயணைப்புப் படை யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் மாநகர சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் உரியவை. மலைநாட்டின் இந்தப் பகுதியில் தீப்பற்றினால் ஜனங்கள் எதிர்பார்ப்பது ஹட்டன்–டிக்கோயா நகரசபையின் தீயணைப்புப் பிரிவையோ, அதைவிடத் தூரத்திலுள்ள நுவரெலியா மாநகர சபையின் பிரிவையோதான். நகரத்திலிருந்து புறப்படும் வண்டி வளைந்து வளைந்து இறங்கி, பிரதான வீதியை விட்டுத் தோட்டத்து வீதிக்குள் திரும்பி, பல இடங்களில் ஒரு லொறி போவதற்கே இடங்காணாத பாதையில் ஏறி, லயத்துக்கு வந்து சேர்வதற்குள் நெருப்புத் தன் கிருத்தியத்தை முடித்துவிடக்கூடும். வண்டியில் வருகிறவர்களின் திறமையிலோ அக்கறையிலோ குறையிருப்பதாக இதற்கு அர்த்தமில்லை. தூரமும் நிலத்தின் அமைப்பும் செய்யும் சதி அது. அந்தச் சதியை வெல்ல ஒரே உபாயந்தான் உண்டு: வண்டி வந்து சேருமுன் செய்யவேண்டிய காரியங்களை அங்கே குடியிருப்பவர்கள் கற்றுக்கொண்டிருக்க வேண்டும், கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் தீயணைப்புப் படை தன் தலையாய தொழிலாக ஏற்க வேண்டும்.

ஜப்பான் தேசத்தில் இது நெடுங்காலமாக நடந்துவருகிறது. சம்பளம் வாங்கும் தீயணைப்பு வீரர்களோடு, கடை நடத்துவோரும் வயலில் உழைப்போருமான ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் ஊர்தோறும் தீயணைப்புச் சங்கங்களில் அங்கத்தினராக இருந்து, ஓய்வு நேரங்களில் பயிற்சி பெறுகிறார்கள். வெள்ளக் காலத்தில் ஆற்றங்கரையைக் காவல் காப்பவர்களும் அவர்களே. 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்தை நினைவுகூர்ந்து, செப்டெம்பர் முதலாந் தேதியன்று தேசம் முழுவதும் ஒத்திகை பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. நம்முடைய தோட்டங்களில் இதற்கு வேண்டிய மனிதர்கள் இல்லாமலில்லை. திருவிழாவுக்குத் தேர்கட்டவும், மரண வீட்டில் ஓடியாடி உதவவும், மழையில் பெயர்ந்த கூரைத் தகரத்தை இழுத்துக் கட்டவும் லயத்துக்கு லயம் இளைஞர்கள் இருக்கிறார்கள். தொழிற்சங்கத் தலைவரின் ஒரு சொல்லுக்குக் கூடிவிடுகிறார்கள். அவர்களை அழைத்து வைத்து முறையாகப் பழக்குவோர்தாம் தேவை.

லயத்தில் நெருப்பு எப்படிப் பரவுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே நீளக் கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். சில இடங்களில் இரண்டு. இடைச்சுவர் பல லயங்களில் கூரைவரை எழாமல் பாதியில் நின்றுவிடுவதால், ஒரு வீட்டில் எழும் புகையும் சுவாலையும் தகரத்தின் அடிப்புறமாகவே ஓடி அடுத்த வீட்டை எட்டுகின்றன. மழை மாதங்களில் ஈர விறகை உலர்த்துவதற்காக அடுப்புக்கு மேலே பரண்கட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். காயாத துணி அதற்குப் பக்கத்துக் கொடியிலேயே தொங்கும். ஒரு காலத்தில் ஒரு விளக்குக்கென்று இழுத்த மின்கம்பியில் இன்று தொலைக்காட்சியும், தண்ணீர் காய்ச்சும் கேத்தலும், இரண்டு மூன்று கைத்தொலைபேசிகளும் தொற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கம்பியின் மேலுறை புகைபட்டு வெடித்திருப்பதை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில் பின்வாசலே கிடையாது. வெளியேற இருப்பது முன்வாசல் ஒன்றே. அதை ஒட்டிய இஸ்தோப்பில்தான் விறகுக் கட்டும் மண்ணெண்ணெய்க் கலனும் இருக்கும்.

லயத்துக்குத் தீயணைப்பு வீரர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசினால் இவற்றில் பாதி திருந்திவிடும். பரணை அடுப்புக்கு நேர்மேலிருந்து தள்ளி வைக்கலாம். கலனை வாசலைவிட்டு அப்புறப்படுத்தலாம். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அமுக்கியதும் விழுகிறதா என்று பார்க்கலாம். மின்சாரத்தால் பிடித்த நெருப்பில் தண்ணீரை ஊற்றக்கூடாது, முதலில் பிரதான சுவிட்சை நிறுத்த வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் நனைத்துப் பிழிந்த சாக்கை அதன்மேல் போர்த்த வேண்டும். வீடு முழுவதும் புகை சூழ்ந்தால் நிமிர்ந்து நடக்காமல் தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். இவையெல்லாம் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிகளாகத் தோன்றலாம். ஆனால் நெருப்பின் முன்னே புத்தி செய்வதைக் காட்டிலும் பழக்கமே அதிகம் செய்கிறது. ஒரு தடவை கையால் சாக்கைப் போர்த்திப் பழகிய பெண், பத்துத் தடவை காதால் கேட்டவளைவிட விரைந்து செயற்படுவாள்.

நெருப்பைவிடப் பெரிய பயம் மண்சரிவு. இதில் தீயணைப்புப் படைக்குத் துணையாக நிற்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். எந்தச் சரிவு அபாயகரமானது என்று வரைபடம் தயாரிப்பதும், மழையை அளந்து எச்சரிக்கை விடுப்பதும் அந்த ஸ்தாபனத்தின் பொறுப்பு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து மேலும் தொடருமானால் மஞ்சள் எச்சரிக்கை: விழிப்பாயிருங்கள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: புறப்பட ஆயத்தமாகுங்கள். 150ஐ எட்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ சிவப்பு: உடனே வெளியேறுங்கள். 150 மில்லிமீற்றர் என்பது எழுத்தில் சிறிய தொகை. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் அது 150 லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கரில் ஆறு இலட்சம் லீற்றர். அவ்வளவு நீரையும் குடித்த செம்மண் செங்குத்தான பாறையின்மேல் எத்தனை நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்?

இந்த மழையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேற்பாகத்தை அறுத்தெடுத்து, அதையே தலைகீழாகப் புனல்போல் உள்ளே செருக வேண்டும். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் சில கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அதுவே பூஜ்யம். அதற்குமேல் பள்ளிக்கூட அடிமட்டத்தின் மில்லிமீற்றர்க் கோடுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் மழைமானி தயார். மரநிழலும் கூரைச்சொட்டும் விழாத திறந்த வெளியில் அதை நாட்டி, தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துத் தண்ணீரைப் பழைய கோட்டுக்கு இறக்கிவிட வேண்டும். கனமழை நாளில் மணிக்கொரு தரம் பார்ப்பது நல்லது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் ஒரு லயத்தின் உயிர்கள் அத்தனையும் அவள் எழுதிவைக்கும் அந்தத் தொகையில் அடங்கியிருக்கின்றன.

மழைமானியோடு கண்ணும் காதும் வேண்டும். சரிவிலோ சுவரிலோ புதிதாக வெடிப்புக் காணுதல், நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று நிலையில் பொருந்தாமை, நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், ஓடிய ஊற்றுத் திடீரென்று நின்றுபோதல் அல்லது கலங்கி ஓடுதல்: இவை மலை முன்கூட்டி அனுப்பும் செய்திகள். இவற்றில் ஒன்று கண்ணிற் பட்டாலும் சிவப்பு எச்சரிக்கைக்குக் காத்திராமல் புறப்பட வேண்டும். லயத்தின் பின்னாலுள்ள கானைப் பருவமழைக்கு முன்பே வெட்டித் துப்புரவாக்குவது சின்ன வேலையாகத் தோன்றினாலும், மண்ணுக்குள் இறங்கவிருக்கும் தண்ணீரை மேலாகவே வெளியேற்றிவிடுவது அதுதான்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் தேதி காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதையுண்ட கொடுமையை மலையகம் மறக்கவில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே நிபுணர்கள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, போவதற்கு ஓரிடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியிலோ வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே அதில் பெரும் துயரைச் சுமந்தன. இந்தச் சம்பவங்களை நினைக்கும்போது ஒரு விஷயத்தை மனந்திறந்து சொல்லியாக வேண்டும். 'வெளியேறுங்கள்' என்ற சொல் தமிழில், உரிய நேரத்தில், லயத்து வாசலுக்கு வந்து சேர வேண்டும்; வெளியேறுகிறவர்கள் போய்த் தங்குவதற்குப் பள்ளிக்கூடமோ கோயில் மண்டபமோ முன்கூட்டியே நிர்ணயமாகி, அதன் திறப்பு யாரிடம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் எச்சரிக்கையால் பிரயோஜனமில்லை.

பொல்பிட்டிய வாசிகளுக்கு இன்னொரு தனிக் கவலையும் உண்டு. மேலே லக்சபானை, கெனியன், விமலசுரேந்திர நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் வான் கதவுகளைத் திறப்பார்கள். கரையோரம் தாழ்ந்த இடத்தில் குடியிருப்போர் அந்த அறிவிப்பைக் கேட்டவுடனே மேட்டுக்குப் போக வேண்டும். மழையே இல்லாத, வெயில் காயும் நாளிலும், மின்நிலையம் இயங்கத் தொடங்கியதும் ஆற்றின் மட்டம் உயர்வதுண்டு. அமைதியான நீரைக் கண்டு மயங்கி நடுப்பாறைவரை போய்க் குளிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு உள்ளூர்வாசிகள் இதை எடுத்துச் சொல்வது பெரும் புண்ணியம்.

இவ்வளவும் குடிமக்கள் செய்யக்கூடியவை. சபைகள் செய்யவேண்டியதும் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்து எல்லைக்குள் பிரதேச சபை பணம் செலவிட்டு வேலை செய்வதற்குப் பல காலம் தடையிருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே அவர்களுடைய வாசல் வீதியைத் திருத்த முடியாதிருந்த அநியாயம் அது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆகையால், தீயணைப்பு வண்டி ஏறக்கூடிய வீதி, வண்டி நீர் எடுத்துக்கொள்ளத் தக்க தொட்டி, தமிழில் அச்சிட்ட அறிவித்தல் ஆகியவற்றைக் கேட்டால், 'அது தோட்டத்துக் காணி' என்று இனி எந்தச் சபையும் கைவிரிக்க நியாயமில்லை. ஆபத்தான சரிவிலுள்ள லயங்களை விட்டுப் பத்திரமான நிலத்தில் சொந்தக் காணியோடு வீடு கொடுப்பதே நிரந்தரப் பரிகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; எந்த ஒத்திகையும் அதற்கு ஈடாகாது. ஆனால் அந்த வீடுகள் வரும்வரை மழை காத்திருக்கப் போவதில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வைகாசி பிறப்பதற்கு முன், உங்கள் தோட்டத்துத் தலைவரும் கிராம உத்தியோகத்தரும் பள்ளிக்கூட அதிபரும் சேர்ந்து கையெழுத்திட்டு, அருகிலுள்ள தீயணைப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒத்திகை நடத்தித் தரும்படி கேளுங்கள். தீயணைப்புக்கும் மீட்புக்கும் 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, நோயாளர் வண்டிக்கு 1990 என்ற மூன்று இலக்கங்களையும் இஸ்தோப்புச் சுவரில், பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில், சுண்ணாம்பால் பெரிதாக எழுதி வையுங்கள்.